செவ்வாய்க்கிழமை மனு

அந்த ஃபைலை இப்படிக் குடும்மா, நான் மடியில வெச்சுக்கறேன். முன்சீட்டுக் கம்பியில இடிச்சு இடிச்சு மூலை மடங்குது பாரு. உள்ள சர்ட்டிபிகேட்டு இருக்கும்ல? இன்டர்வியூவுக்கா? பேங்க்கா? சரி, எதுவா இருந்தா என்ன, நல்லபடியா கிடைக்கட்டும்.

நான் திருச்சிக்கு. மாசத்துல ஒரு செவ்வாக்கிழமை திருப்பூர்லேர்ந்து இதே பஸ்ஸுதான். கண்டக்டரு மூணு பேரு மாறிட்டாங்க, நான் மாறலை. கோயிலுக்கான்னு கேக்கறே. ஆமா, சமயபுரத்துக்குன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்றது. இருபத்தோரு வருசமா அதையேதான் சொன்னேன். உங்கிட்ட எதுக்குப் பொய்யி, பஸ்ஸை விட்டு எறங்கினா நீ யாரோ நான் யாரோ. ஜெயிலுக்குப் போறேம்மா. எங்க வீட்டுக்காரரு உள்ள இருக்காரு. பயந்துக்காதே. நகந்தெல்லாம் உக்காராதே, நான் யாரையும் ஒண்ணும் பண்ணலை. அவரும் ஒரே ஒரு தடவைதான் பண்ணாரு.

எங்க ஊரு ஆண்டிமடம் பக்கம். பங்காளிங்களுக்குள்ள ஒரு கெணறு, ஒரு மோட்டாரு. முறை வெச்சுத் தண்ணி பாய்ச்சணும். அவரு முறையில அவரோட பெரியப்பா மவன் வந்து மடையைத் திருப்பிட்டான். வாய்ச்சண்டைதான். இவரு கையில மம்பட்டி இருந்துச்சு. போட்ட ஒரு போட்டுல அந்த ஆளு எந்திரிக்கவே இல்லை. இவரு வீட்டுக்குக்கூட வராம நேரா ஸ்டேசனுக்குப் போயி பெஞ்சில உக்காந்துட்டாரு. பேரு கலியபெருமாளு. கோழி அறுக்கணும்னாகூட பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிடற மனுசன். ஆயுள் தண்டனை குடுத்துட்டாங்க. விடுதலை பண்றதுக்குக் கமிட்டி உக்காருவாங்கல்ல, அதுல ரெண்டு தடவை பேரு போச்சு, ரெண்டு தடவையும் தள்ளிட்டாங்க. செத்தவனோட சனம் ஊர்லயே இருக்கு, இவரு வந்தா மறுபடி சண்டை வரும்னு எழுதிட்டாங்களாம்.

எம் மவ இலக்கியாவுக்கு அப்ப மூணு வயசு. ஊர்ல இருக்க முடியுமா? புள்ளையத் தூக்கிக்கிட்டுத் திருப்பூருக்கு பஸ் ஏறிட்டேன். பனியன் கம்பெனியில பிசிறு வெட்டச் சேந்தேன், இப்ப செக்கிங்குல இருக்கேன். வாடகைக்கு வீடு கேட்டுப் போன எடத்துல அந்தம்மா, “வீட்டுக்காரரு எங்க?”ன்னுச்சு. வாயில வந்துடுச்சு, “எறந்துட்டாருங்க”ன்னு. வேணும்னு சொல்லலை. அந்தம்மா “அடப் பாவமே”ன்னு சொல்லிட்டு உள்ள போயி ஒரு சொம்பு தண்ணி கொண்டாந்து குடுத்துச்சு. ஜெயில்னு சொல்லியிருந்தா அந்தத் தண்ணி வந்திருக்குமா, நீயே சொல்லு.

அன்னிக்கே தாலியக் கழட்டி அரிசி டப்பாவுக்குள்ள போட்டுட்டேன். அவரைப் பாக்கப் போறப்ப எடுத்துப் பையில வெச்சுக்கிட்டுப் போயி, திருச்சி பஸ் ஸ்டாண்டு கக்கூஸுக்குள்ள நின்னு மாட்டிக்குவேன், பொட்டு வெச்சுக்குவேன். பாத்துட்டு வந்ததும் கழட்டிருவேன். வர்ற வழியில கடையில ஒரு குங்குமப் பொட்டலம் வாங்கிக்குவேன். சமயபுரத்துக் குங்குமம்னு சாமி படத்துகிட்ட வெப்பேன். இலக்கியா அதைத் தொட்டு வெச்சுக்கிட்டுத்தான் பரிட்சைக்குப் போவா. அது கடைக் குங்குமம்னு எனக்குத்தான் தெரியும். ஆனாலும் பாஸாயிருவா.

புள்ளைக்கும் அப்பா செத்துட்டாருன்னே சொல்லி வளத்தேன். அவருதான் அப்படிச் சொல்லச் சொன்னாரு. “நான் இல்லைன்னே சொல்லிரு கொளஞ்சி, புள்ள நிம்மதியா வளரட்டும்”னு. கொளஞ்சிங்கறது எம் பேரு.

பி.காம் முடிச்சிட்டு அவ எழுதாத பரிட்சை கிடையாது. ரயில்வேங்கறா, தபால் ஆபீஸுங்கறா, எதுக்கு எழுதறா எதுக்கு எழுதலைன்னு எனக்கே தெரியாது. போன வருசம் ஒரு நாளு ஃபோனை எடுத்துக்கிட்டு ஓடி வந்தா. “அம்மா, எழுத்துப் பரிட்சையில பாஸு. அடுத்தது இன்டர்வியூ.” எந்தப் பரிட்சைடின்னேன். “அசிஸ்டென்ட் ஜெயிலரு”ங்கறா. அடுப்புல பாலு பொங்கி வழியுது, நான் பாத்துக்கிட்டே நிக்கறேன். அவதான் ஓடி வந்து அணைச்சா. அத்தனை வேலையில இந்த வேலைதானா இவளுக்குக் கிடைக்கணும்?

வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன்னு கேப்பாளே, அதுக்கு என்ன சொல்றது? பொம்பளைங்க ஜெயிலு தனியா இருக்கு, அங்கதான் போடுவாங்க, அவரு இருக்கற பக்கம் இவ போகவே வேண்டியிருக்காதுன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். ஒளிச்சு என்ன ஆகப்போவுது, உள்ளுக்குள்ள ஒரு ஆசையும் இருந்துச்சும்மா. அந்த கேட்டுல என்னை எத்தனை தடவை “ஒதுங்கி நில்லு, ஒதுங்கி நில்லு”ன்னு சொல்லியிருப்பாங்க. அப்படி ஒரு கேட்டுல எம் மவளுக்கு சல்யூட்டு அடிப்பாங்கள்ல?

ஒசரம் அளந்தாங்க, ஒரு வெரக்கடை கூடவே இருந்துச்சு. டாக்டரு சர்ட்டிபிகேட்டு குடுத்துட்டாரு. இனி இன்டர்வியூதான் பாக்கி. ரெண்டு மாசம் டைம் இருந்துச்சு. அந்த ரெண்டு மாசந்தான் எங்க வீட்டுல நல்ல காலம்.

சனிக்கிழமையானா கோச்சிங் அகாடமியில சொல்லிக் குடுப்பாங்க. மத்த நாள்ல வீட்டுல நாந்தான் ஆபீசரு. சாயங்காலம் கம்பெனி விட்டு வந்து முகம் கழுவுனதும் நான் நாற்காலியில உக்காரணும், கண்ணாடியப் போட்டுக்கணும். அவ வெளியில போயி கதவைத் தட்டிட்டு, “உள்ளே வரலாமா ஐயா?”ம்பா. எங்களுக்கு இருக்கறதே ஒரு ரூமு. வெளியில போனா பொதுக் குழாயிதான். தண்ணி புடிக்க நிக்கிற பொம்பளைங்கல்லாம் சிரிப்பாங்க. “என்ன ஐயா, புள்ளைய உள்ள விடுங்க ஐயா”ம்பாங்க. அவ சிரிக்க மாட்டா. வெறைப்பா வந்து உக்காந்துக்குவா. சோறு திங்கறப்பகூட கொழம்பு ஊத்தட்டுமாடின்னு கேட்டா, “ஆமாம் ஐயா”ம்பா.

நோட்டுல கேள்வியெல்லாம் எழுதி வெச்சிருந்தா. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கணும். “ஏன் இந்தப் பணிக்கு வர விரும்புகிறீர்கள்?” அதுக்கு ஒரு பதில். “இரண்டு கைதிகளுக்குள் சண்டை மூண்டால் என்ன செய்வீர்கள்?” அதுக்கு ஒரு பதில். எல்லாம் புத்தகத்துப் பதிலு, “விதிமுறைகளின்படி உரிய நடவடிக்கை எடுப்பேன் ஐயா”ன்னு. எதைக் கேட்டாலும் உரிய நடவடிக்கைதான். பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்.

ஒரு நாளு இந்தக் கேள்வி வந்துச்சு. “ஒரு கைதி சில நாட்களாக உணவு உண்ண மறுக்கிறார். என்ன செய்வீர்கள்?” அவ ஆரம்பிச்சா, “மருத்துவ அலுவலருக்குத் தகவல் தெரிவித்து, விதிமுறைகளின்படி...” எனக்குப் பொறுக்கலை. “டாக்டரு வந்து என்னத்தைப் பாப்பாரு?”ன்னேன். “மொதல்ல அவரு பக்கத்துல போயி உக்காரு. அவருக்கு மனு வந்து எத்தனை நாளாச்சுன்னு கேளு. மனு வராத ஆளுதான் சோத்தைத் தள்ளிட்டு உக்காருவான். பசி இல்லாம இல்லை. நாம தின்னா என்ன தின்னாட்டி என்ன, யாரு கேக்கப் போறான்னு இருக்கும். ஊட்டுக்கு ஒரு கடுதாசி போடச் சொல்லு, யாராச்சும் ஒருத்தரு வந்து மூஞ்சியக் காட்டுனா அன்னிக்கே தின்னுருவான்.”

நான் எங்கேர்ந்து சொன்னேன்னு நெனைக்கறே? எனக்கு டைபாய்டு வந்து மூணு மாசம் போக முடியாமப் போச்சு ஒரு தடவை. நாலாவது மாசம் போறேன், ஆளு பாதியாயிட்டாரு. “உங்க வீட்டுக்காரரு சாப்பிடாம உக்காந்துட்டாரும்மா, நாங்க பட்ட பாடு”ன்னு வார்டரு சொன்னாரு. எம் மூஞ்சியப் பாத்த அன்னிக்கு மத்தியானமே ரெண்டு தட்டு வாங்கித் தின்னாராம்.

இலக்கியா நோட்டை மூடிட்டு என்னையே பாக்கறா. “மனுன்னா என்னம்மா?”

சிக்கிட்டேன்னு தெரிஞ்சிடுச்சு. “வெளியிலேர்ந்து ஆளு பாக்க வர்றதுடி. மனு எழுதிக் குடுத்துட்டுத்தானே பாக்கணும், அதனால பாக்க வர்றதுக்கே மனுன்னு பேராயிடுச்சு”ன்னேன். “உனக்கு எப்படித் தெரியும்?”னா. எங்க செக்கிங்குல பாக்கியம்னு ஒருத்தி இருக்கா, எனக்குப் பக்கத்து டேபிளு. வாயில அவ பேருதான் வந்துச்சு. “பாக்கியத்தோட தம்பி ஜெயில்ல இருக்கான், அவ சொல்லுவா”ன்னுட்டேன். எம் மவ அதை அப்படியே நோட்டுல எழுதிக்கிட்டா. “பாக்கியம் அக்காகிட்ட இன்னும் கேட்டு வாம்மா”ன்னா.

அப்புறம் என்ன, தெனமும் பாக்கியம் சொன்னா பாக்கியம் சொன்னான்னு நான் சொல்ல ஆரம்பிச்சிட்டேன். புள்ளைங்க மொத தடவை பாக்க வந்தா அப்பனைத் தெரியாம அழும், அப்ப அந்த மனுசனுக்கு எப்படி இருக்கும்னு சொன்னேன். பேசறதுக்குக் குடுக்கற நேரத்துல பாதி நேரம் சும்மா பாத்துக்கிட்டே போயிரும்னு சொன்னேன். கடைசியில பெல்லு அடிக்கறப்பதான் சொல்ல வந்ததெல்லாம் ஞாபகம் வரும்னு சொன்னேன். அவ கன்னத்துல கைய வெச்சுக்கிட்டுக் கேப்பா. எம் மனசுல இருந்ததையெல்லாம் எம் மவகிட்ட அந்த ரெண்டு மாசந்தான் நான் சொன்னேன். எல்லாம் பாக்கியம் பேர்ல.

இன்டர்வியூ மெட்ராஸுல. நாலு பேரு உக்காந்திருந்தாங்களாம். அதுல ஒருத்தரு ஜெயில்ல பெரிய ஆபீசரா இருந்து ரிட்டயர் ஆனவரு. அவரு கேட்ட கேள்வி என்ன தெரியுமா? அதேதான். ஒரு கைதி நாலு நாளா சாப்பிடலை, என்ன செய்வீங்க? இவ, “மொதல்ல அவருக்கு மனு வந்து எத்தனை நாளாச்சுன்னு பாப்பேன் ஐயா”ன்னிருக்கா. அவரு பேனாவைக் கீழ வெச்சிட்டாராம்.

“மனுங்கறது எங்க புத்தகத்துல கிடையாதும்மா. நாங்க நேர்காணல்னு எழுதுவோம். உள்ள இருக்கறவங்களும் வெளியில வரிசையில நிக்கறவங்களும் சொல்ற வார்த்தை இது. நீங்க எங்க கத்துக்கிட்டீங்க?”

“அம்மா சொன்னாங்க ஐயா. அவங்க கூட வேலை செய்யற அக்காவோட தம்பி சிறையில இருக்காரு.”

“அப்பா?”

“இல்லைங்க ஐயா. எனக்கு மூணு வயசுலயே தவறிட்டாரு.”

அவரு ஒண்ணும் சந்தேகப்படலைம்மா. நல்ல மனுசன். “முப்பது வருசத்துல இந்தப் பதிலை யாரும் எங்கிட்ட சொன்னதில்லை. அந்த அக்காவுக்கு என் நன்றியைச் சொல்லுங்க”ன்னாராம்.

அதாம்மா குடியைக் கெடுத்துச்சு. திட்டியிருந்தா அழுதுக்கிட்டு நேரா வீட்டுக்கு வந்திருப்பா. பாராட்டிட்டாரு. இவ சென்ட்ரல்ல ஒரு பெட்டி மைசூர்பாகு வாங்கிக்கிட்டு, மறுநாள் காலையில திருப்பூர்ல எறங்குனதும் வீட்டுக்கு வராம நேரா கம்பெனிக்குப் போயிட்டா. நான் அன்னிக்கு மேல் மாடியில இருந்தேன். கேட்டுகிட்ட பாக்கியத்தைக் கூப்பிட்டு, மைசூர்பாகைக் கையில குடுத்து, “அக்கா, உங்களாலதான். உங்க தம்பி எந்த ஜெயில்ல இருக்காரு? எனக்கு வேலை கிடைச்சா மொதல்ல அவரைத்தான் போயிப் பாப்பேன்”னிருக்கா. பாக்கியம் முழிச்சிருக்கா. “எனக்கு ஏது பாப்பா தம்பி? நாங்க மூணும் பொண்ணுங்க”ன்னுட்டா. சும்மா ஒரு ‘ஆமா’ன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? என்ன நஷ்டம் அவளுக்கு? பெட்டியையும் வாங்கி வெச்சுக்கிட்டா.

நான் சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். விளக்குப் போடாம உக்காந்திருந்தா. இன்டர்வியூ எப்படிடி இருந்துச்சுன்னேன். “செவ்வாக்கிழமை செவ்வாக்கிழமை எங்கம்மா போற?”ன்னா. சமயபுரத்துக்குன்னேன். “சமயபுரம் கோயில்ல கொடிமரம் எந்தப் பக்கம் இருக்கு?”ன்னா. நான் ஒரு தடவைகூட உள்ள போனதில்லைம்மா. அவ அரிசி டப்பாவைத் தூக்கி என் முன்னாடி வெச்சா. பகல்லயே கைவிட்டுத் தேடி தாலிய எடுத்துப் பாத்திருக்கா. நான் உக்காந்துட்டேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவரு சொல்லித்தான் மறைச்சேன்னும் சொன்னேன். அவ அழலை. “எப்படி இருப்பாரு?”ன்னு மட்டும் கேட்டா. ஒசரமா இருப்பாருடின்னேன். உன் நெத்தி அவரு நெத்திதாண்டின்னேன்.

ஒரு மாசத்துல லிஸ்டு வந்துச்சு. அவ நம்பர் இருந்துச்சு. குழாயடியில எல்லாரும் கைதட்டுனாங்க. போலீஸ் விசாரணை முடிஞ்சா ஆர்டரு கையில வந்துரும். அதுல ஒரு சிக்கலு. ஆரம்பத்துலயே பரிட்சைக்கு எழுதிப் போட்ட ஃபாரத்துல அப்பா காலமாயிட்டாருன்னு எழுதியிருக்கா. அவளைப் பொறுத்தவரைக்கும் அது உண்மைதானே. “அப்படியே இருக்கட்டும்டி”ன்னு கையப் புடிச்சுக்கிட்டுச் சொன்னேன். “உனக்கு ஒண்ணும் தெரியாத மாதிரியே இரு. வேலையில சேந்துரு. ஒரு வருசம் கழிச்சு மெதுவா வந்து பாரு. இருபத்தோரு வருசம் இருந்தவரு இன்னும் ஒரு வருசம் இருக்க மாட்டாரா?” அவ கைய உருவிக்கிட்டா. அடுத்த செவ்வாக்கிழமை குளிச்சுக் கெளம்பி எனக்கு முன்னாடி பஸ் ஸ்டாண்டுல நிக்கறா.

ஜெயில் வாசல்ல சீட்டு எழுதிக் குடுக்கணும். யாரைப் பாக்கணும், அவரு நம்பரு என்ன, பாக்கறவங்க பேரு, உறவு. அந்த உறவுங்கற எடத்துல அவ பேனா நிக்குது. நான் காதோரமா குனிஞ்சு, “அக்கா மகள்னு எழுதுடி”ன்னேன். “ரிஜிஸ்டர்ல ஏறிரும். நாளைக்கு விசாரணைக்கு வர்றவங்க புரட்டிப் பாத்தா உன் வேலை போச்சு. மூணெழுத்து சேத்து எழுதினா என்ன கொறைஞ்சு போவும்?” கெஞ்சினேம்மா. அந்த வரிசையில நின்னு எம் மவ கால்ல விழாத கொறை. அவ மகள்னு எழுதினா. எழுதி, கீழ முழுப் பேரும் போட்டு கையெழுத்தும் போட்டுட்டா.

இப்பல்லாம் கம்பி வலை கிடையாது. நடுவுல கண்ணாடி. அந்தப் பக்கம் ஒரு ஃபோனு, இந்தப் பக்கம் ஒரு ஃபோனு. உக்கார ஸ்டூலு போட்டிருக்காங்க. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே ஃபோனுதான், அதனால ரெண்டு பேரும் காதை ஒட்டி வெச்சுக்கிட்டோம். அவ கன்னம் எங்கன்னத்துல சுட்டுச்சு.

இந்த எடத்துல உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. அவருதான் செத்துட்டதா சொல்லச் சொன்னாருன்னு சொன்னேன்ல. அது பொய்யி. அவருக்கு அது எதுவுமே தெரியாது. அவரு ஒவ்வொரு தடவையும் “பாப்பா கேட்டாளா? பாப்பா என்ன சொன்னா?”ன்னுதான் கேப்பாரு. நான் என்ன சொல்றது? பாப்பா இப்படிச் சொன்னா, பாப்பா அப்படிச் சொன்னான்னு நானே வழியில யோசிச்சு வெச்சுக்கிட்டுப் போயி சொல்லுவேன். பாப்பா ஏன் வர்றதில்லைன்னு கேட்டாரு. “வேலைக்குப் போயி சொந்தக் கால்ல நின்னப்புறந்தான் அப்பாவை வந்து பாப்பேங்கறா, வைராக்கியக்காரி”ன்னு சொல்லி வெச்சிருந்தேன். அதை மவகிட்ட நான் சொல்லலை. எப்படிச் சொல்றது?

அவரு வந்து உக்காந்தாரு. கண்ணாடி வழியாப் பாத்தாரு. பாத்துக்கிட்டே இருந்தாரு. அப்புறம் ஃபோனை எடுத்து, நேத்துப் பேசி விட்ட எடத்துலேர்ந்து பேசற மாதிரி பேச ஆரம்பிச்சிட்டாரு. “பத்தாவதுல நானூத்தி அறுபது வாங்கிட்டு, அப்பாகிட்டதான் மொதல்ல சொல்லணும்னு சொல்லி அனுப்புனியே பாப்பா, அன்னிக்கு நான் பிளாக்குல எல்லாருக்கும் சொன்னேன். முட்டி வலின்னதும் பெரண்டைத் தொவையல் தின்னச் சொன்னியே, இங்க பெரண்டைக்கு எங்க போறதுன்னு ஒரே சிரிப்பு எனக்கு.” இப்படி ஒண்ணொண்ணா. நான் சொன்னதுல ஒரு வார்த்தைய அவரு மறக்கலைம்மா. எனக்கே மறந்து போனதெல்லாம் சொல்றாரு. நான் கண்ண மூடிக்கிட்டேன். எங்கன்னத்தோட ஒட்டியிருந்த கன்னம் மெதுவா நகந்து போச்சு. அவ என்னைத் திரும்பிப் பாத்திருப்பா. நான் பாக்கலை.

“ஆமாப்பா”ன்னா. “நாந்தான் சொல்லி அனுப்புனேன்.”

அவரு சிரிச்சுக்கிட்டே கண்ணத் தொடச்சாரு. “அப்ப வேலை கிடைச்சிருச்சா? வேலைக்குப் போனாத்தானே வருவேன்னு சொன்னே.”

அஞ்சு நிமிசம் முன்னாடி வாசல்ல அந்த வேலையத் தொலைச்சிட்டு வந்தவ, “கிடைச்சிருச்சுப்பா”ன்னா.

“என்ன உத்தியோகம்?”

அவ வெறைப்பா நிமிந்து உக்காந்தா. அப்புறம், “உங்க டிபார்ட்மென்ட்டுதாம்பா. அசிஸ்டென்ட் ஜெயிலரு”ன்னா.

அவரு என்ன பண்ணாரு தெரியுமா? எந்திரிச்சிட்டாரு. ஃபோனைக் கீழ வெச்சிட்டு, ஸ்டூலைப் பின்னால தள்ளிட்டு, ரெண்டு கையையும் மார்ல கட்டிக்கிட்டு, தலையக் குனிஞ்சு நின்னாரு. உள்ள ஆபீசருங்க வந்தா அப்படித்தான் நிக்கணும். இருபத்தோரு வருசம் நின்ன ஒடம்பு, தானா எந்திரிச்சிருச்சு. மூஞ்சியில சிரிப்பு போகலை. சிரிச்சுக்கிட்டே கையக் கட்டிக்கிட்டு நிக்கறாரு. இவ ஃபோன்ல “உக்காருங்கப்பா, உக்காருங்கப்பா”ன்னு கத்தறா. அவரு காதுல ஃபோனு இல்லையே, எப்படிக் கேக்கும்? கண்ணாடியத் தட்டினா. கண்ணாடியத் தொடாதீங்கம்மான்னு வார்டரு வந்து சொன்னாரு. பெல்லு அடிக்கற வரைக்கும் அவரு உக்காரவே இல்லை.

திரும்பி வர்றப்ப பஸ்ஸுல அவ என் பக்கத்துல உக்காரலை.

விசாரணைக்கு வர்றவங்க புரட்டிப் பாக்கற வரைக்கும்கூட அவ பொறுக்கலை. எங்கப்பா உயிரோட இருக்காரு, இன்ன ஜெயில்ல இருக்காரு, எனக்குத் தெரியாம தப்பா எழுதிட்டேன்னு அவளே லெட்டரு எழுதிப் போட்டுட்டா. ஃபாரத்துல குடுத்த தகவல் தப்புன்னு பேரை எடுத்துட்டாங்க. அவங்க பேர்ல குத்தம் சொல்ல முடியாது. இப்ப ஒரு ஸ்கூலு ஆபீஸுல வேலைக்குப் போறா. எங்கிட்ட சாப்பாடு இருக்கான்னு கேப்பா, கதவைத் தாப்பா போட்டியான்னு கேப்பா. அவ்ளோதான் பேச்சு. நான் நாற்காலியில உக்காந்தாகூட எந்திரிச்சு வெளியில போயிருவா.

அவருக்கு இதெல்லாம் தெரியாது. நாலு மாசமா நாந்தான் போறேன். உள்ள அவரை எல்லாரும் ஆபீசரோட அப்பான்னு கூப்பிடறாங்களாம். “பாப்பாவுக்கு எந்த ஜெயில்ல டூட்டி?”ங்கறாரு. லீவு கிடைக்கலைன்னேன். “ஆமா, புதுசுல குடுக்க மாட்டாங்க”ன்னு அவரே சொல்லிக்கிட்டாரு.

இன்னிக்குக் காலையில மனசைக் கல்லாக்கிக்கிட்டு அவகிட்ட கேட்டேன். “நீயும் வர்றியாடி? அவரு வழியப் பாத்துக்கிட்டே இருக்காரு.” அவ தலை சீவிக்கிட்டு இருந்தா. “நான் வந்தா எந்திரிச்சு நிப்பாரும்மா”ன்னா. நாலு மாசத்துல இன்னிக்குத்தான் என்னை அம்மான்னா. அப்ப நான் என்னடி சொல்லட்டும்னேன். “நான் ஆபீசர் இல்லைன்னு சொல்லு. ஏன் இல்லைன்னும் சொல்லு. உக்காந்து பேசுவாருன்னா வரேன்”னா.

ஏன் இல்லைன்னு சொல்லணும்னா, ஃபாரத்துல என்ன எழுதியிருந்துச்சுன்னு சொல்லணும். அதைச் சொன்னா, நான் அவரை இருபத்தோரு வருசத்துக்கு முன்னாடியே கொன்னு பொதைச்சுட்டேன்னு அவருக்குத் தெரிஞ்சு போயிரும். அப்புறம் அவரு சாப்பிடுவாரா? வேலை புடிக்கலை, விட்டுட்டான்னு சொல்லிட்டா என்னம்மா? அப்படிச் சொன்னாலும் உக்காந்துருவாருல்ல? யாருக்கும் நோவாதுல்ல? நீ படிச்ச புள்ள, சொல்லேன்.

இத்தனை வருசத்துல அவ நெசமாவே அவருக்குச் சொல்லி அனுப்புன மொத சேதி இதுதான். அதைக்கூட மாத்தாம கொண்டு போயிக் குடுக்க எனக்கு முடியுமான்னு தெரியலைம்மா.